லியோன்சியோவின் கட்டைவிரல்

முகத்துக்கு நேரே எல்லாரும் அவரை 'தோன் லியோன்சியோ' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். முதுகைத் திருப்பினால் அவர் வெறும் 'கடிகாரம்'. போக்கா சிக்கா என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்துப் பேஸ்பால் அகாடமியில், கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்க, இருபத்திரண்டு வருடமாக முதல் பேஸின் ஓரத்தில் நின்றே தேய்ந்த மனிதர். பையன் மட்டையால் பந்தை அடித்ததும் ஓர் அழுத்து. ஓடிவந்து முதல் பேஸை மிதித்ததும் இன்னோர் அழுத்து. வருகிற எண்ணைத் தாளில் எழுதுவார். தாள் அமெரிக்காவில் இருக்கும் கிளப் அலுவலகத்துக்குப் போகும். எவன் அடுத்த படி ஏறுவான், எவன் மூட்டை கட்டுவான் என்ற தீர்ப்பு அங்கிருந்து வரும்.

அவரும் ஒரு காலத்தில் மைதானத்தின் நடுக்கோடியில் பந்தைத் துரத்தியவர்தான். பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே ஆடும்போது முழங்கால் போய்விட்டது. அதன்பிறகும் ஒரு பயிற்சியாளர், பார்க்கிறதுக்கு நீ இன்னும் வேகமாகத்தான் இருக்கிறாய் என்று ஆசை காட்டியே அவருடைய இரண்டு வருடத்தைத் தின்றார். அன்றோடு லியோன்சியோ கண்ணை நம்புவதை விட்டார். "கண்ணு ஆசப்படும், கடிகாரம் ஆசப்படாது" என்று அவர் சொல்வதை, பையன்கள் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு பையன்கள் எல்லாருமே மெதுவாக ஓட ஆரம்பித்தார்கள். அவருக்கு அப்படித்தான் பட்டது. விடிந்ததும் வாழைக்காய் மசியலை வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கைபேசியை நோண்டினால் கால் எப்படி எழும் என்று திட்டித் தீர்த்தார். அவருடைய வலது கட்டைவிரல் வலிக்கத் தொடங்கியதும் அதே மழையில்தான். மடக்கினால் பிடித்துக்கொள்ளும், பிறகு சொடுக்கிட்டு விடும். மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். விரலையும் பையன்களையும் சேர்த்து யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. ஊரார் காலையெல்லாம் அளந்தவருக்குத் தன் விரலை அளக்க நேரம் ஏது?

ஜூனில் ஆள் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மைதானத்தின் பின்வரிசையில் ஆட ஐந்து பேர் இருந்தார்கள். மூன்று பேருக்குத்தான் இடம். அவர்களில் வில்கின் கொன்சுவேலோ என்ற ஊரிலிருந்து வந்தவன், பதினெட்டு வயது. அடி சுமார், எறி சுமார். அவனுடைய சொத்து மொத்தமும் காலில்தான் இருந்தது. அடுத்தவன் பந்து எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்ப்பதற்குள் இவன் அந்த இடத்துக்குப் பாதி தூரம் போயிருப்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் லியோன்சியோவின் நெஞ்சு துள்ளியது. துள்ளியதாலேயே அவர் பயந்தார். நம் கண் மறுபடியும் ஆசைப்படுகிறது என்று நினைத்தார்.

வில்கினை ஆறு தடவை ஓடவிட்டார். இடம் கிடைக்க அவன் நாலு புள்ளி ஒன்று விநாடிக்குள் வர வேண்டும். ஆறு தடவையும் நாலு புள்ளி மூன்றுதான் வந்தது. கடைசி ஓட்டம் முடிந்ததும் பையன் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். இன்னொரு தடவை ஓடட்டுமா என்று கேட்டான். லியோன்சியோ வாட்ச்சை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாரு. நான் சொல்லல, இது சொல்லுது."

தாளில் 'வேகம் சராசரி' என்று எழுதினார். நான்கு நாளில் வில்கின் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழித்து, ஒசிரிஸ் என்கிற இளம் பயிற்சியாளன் தன் வாட்ச்சோடு அவர் பக்கத்தில் வந்து நின்றான். ஒரே பையன், ஒரே ஓட்டம். ஒசிரிஸுக்கு நாலு புள்ளி இரண்டு, அவருக்கு நாலு புள்ளி நான்கு. மூன்று தடவையும் அதே வித்தியாசம். ஒசிரிஸ் நல்ல பிள்ளை. உங்கள் வாட்ச் பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னான். வாட்ச்சை மாற்றிக்கொண்டார்கள். வித்தியாசம் வாட்ச்சோடு போகவில்லை, லியோன்சியோவிடமே தங்கிவிட்டது. அவர் கட்டைவிரலைப் பார்த்தார். முதல் அழுத்தில் மடங்கிய விரல் நிமிர மாட்டாமல் நின்றது. இரண்டாம் அழுத்துக்கு அது வந்து சேர்வதற்குள் பையன் பேஸைத் தாண்டியிருந்தான்.

நேரே அகாடமி இயக்குநரிடம் போய்ச் சொன்னார். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். வில்கின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, இதை வெளியே சொன்னால் பையன் திரும்பப்போவதில்லை, நீங்கள்தான் வீட்டுக்குப் போவீர்கள் என்றார். லியோன்சியோ பேசாமல் வந்துவிட்டார். அந்தப் பேசாமைக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னித்துக்கொள்ளவே இல்லை. மழைக்குப் பிறகு அவர் தாளால் வீட்டுக்குப் போனவர்கள் மொத்தம் நாலு பேர். வில்கினுக்குக் கால் தவிர வேறொன்றும் இல்லாததால் அவன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஒரு வாரம் ஒசிரிஸ் பக்கத்தில் நின்று இடது கையால் அழுத்திப் பழகினார். எண்கள் ஒத்துவந்த பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை கொன்சுவேலோவுக்கு பஸ் ஏறினார். இன்னொரு கிளப்பில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். நாலு புள்ளி ஒன்று ஓடுகிற பையன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்.

வில்கின் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். லியோன்சியோ நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, விரலை மடக்கியும் காட்டினார். அவன் திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். அவனோ அவரை உட்காரவைக்க நாற்காலி தேடினான்.

"விடுங்க தோன் லியோன்சியோ. மனசு கேக்காம சொல்றீங்க. எனக்கே தெரியும், என் கால் அவ்வளவுதான்."

"தப்பு என்னோடதுடா. ஒரே ஒரு தடவ ஓடிக் காட்டு, போதும்."

பெரியவர் கேட்கிறாரே என்று ஒத்துக்கொண்டான். கடைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் லியோன்சியோ அடி வைத்து முப்பது கஜம் அளந்து, அதன் முடிவில் ஒரு சாக்கைப் போட்டார். வில்கின் செருப்பைக் கழற்றி, மட்டை இல்லாமல் கையை வீசிவிட்டுக் கிளம்பினான். பத்தடி வருவதற்குள்ளேயே அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சாக்கைப் பார்த்து ஓடவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

நாலு புள்ளி ஐந்து.

வில்கின் மூச்சு வாங்கக் குனிந்து எண்ணைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது.

"பாத்தீங்களா? அது அன்னிக்கும் பொய் சொல்லல."

லியோன்சியோ இடது கையிலிருந்த வாட்ச்சைப் பார்த்தார். இந்தத் தடவை விரல் தவறவில்லை என்பது அவருக்குத் தெரியும்; அன்று அது தவறிச் சொன்னதைப் பையனின் கால் நம்பிவிட்டது என்பதும் தெரியும். வில்கின் செருப்பை மாட்டிக்கொண்டு, சாக்கை உதறி மடித்து, அம்மா சோறாக்கியிருப்பாள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டான்.