யாராலும் டைப் செய்ய முடியாத பெயர்

காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உத்திரமேரூரிலிருந்து காலை பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் போனில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். நாலு பேர் ஒரு டீம். தமிழ் பேசுகிறவர்களுக்கென்று அதில் ஒரு பொது சாட் அறையும் உண்டு.

முதலில் சொந்தப் பெயரில்தான் ஆடினேன். பெண் என்று தெரிந்தவுடனே எந்த ஊர், மைக்கை ஆன் பண்ணு, நம்பர் கொடு என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் பெயரை மாற்றினேன். வினோத எழுத்துகளை வரிசையாகப் போட்டு வைத்திருக்கும் ஓர் இணையப் பக்கத்திலிருந்து நாலு எழுத்தைக் காப்பி செய்தேன். இரண்டு ரஷ்ய எழுத்து. ஒன்று ஆங்கில ஆர் திரும்பி நிற்பது மாதிரி, இன்னொன்று மூன்று என்ற எண் மாதிரி. அப்புறம் ஒரு சின்னக் குடை. கடைசியில், காலை அகட்டி நிற்கும் மனிதன் போல ஒரு கொரிய எழுத்து. அந்த கேமில் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால் பெயரைச் சரியாக டைப் செய்தாக வேண்டும். என் பெயரை எந்தக் கீபோர்டில் போய்த் தேடுவார்கள்? எட்டு மாதம் நிம்மதியாக ஆடினேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்து கேமைத் திறந்தேன். சாட் அறையில் என் பெயர் இருந்தது. பக்கத்திலேயே, “இன்னைக்கு ஜன்னல் சீட் கெடச்சுதா?” என்று ஒரு வரி.

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். வேறு யாருக்கோ என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெயரில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்? மறுநாள், மஞ்சள் சுடிதார் நன்றாக இருந்தது என்று வந்தது. அன்று நான் மஞ்சள்தான் போட்டிருந்தேன்.

நாள் முழுக்கத் தப்பான எழுத்தைத் தேடிப் பிடிப்பது என் வேலை. மூன்றாவது தடவை வந்தபோதுதான் கவனித்தேன். மூன்று மாதிரி இருக்கும் ரஷ்ய எழுத்துக்குப் பதிலாக நிஜமான எண் மூன்றைப் போட்டிருந்தான். கேமுக்குள்ளிருந்து காப்பி எடுத்திருந்தால் சரியாக விழுந்திருக்கும். இவன் என் பெயரைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கண்டுபிடித்து அடித்திருக்கிறான். எண் தப்பாக இருந்ததால் தேடலில் நான் சிக்கவில்லை. அதனால்தான் பொது அறையில் நின்று கூப்பிடுகிறான். என் போன் திரையை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவன்.

அதுவரை எங்கோ தள்ளி நின்று பார்க்கிற ஒருவன் என்றுதான் பயந்தேன். இவன் பஸ்ஸில் என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறான்.

அப்புறம் பஸ்ஸில் போனை வெளியே எடுக்கவில்லை. பின்னால் திரும்பவும் தைரியம் வரவில்லை. பிடரியில் யாரோ மூச்சு விடுவது போலவே இருக்கும். அப்பாவிடம் சொன்னால் வேலைக்குப் போக வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்தப் பயம் வேறு. ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு ரிப்போர்ட்டில் இடது சிறுநீரகத்தை வலது என்று அடித்துவிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போடும்போது பார்த்ததால் பிழைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள், படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் இந்தக் கண்றாவியெல்லாம் ஆடுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. உன் பெயர் எது என்று மட்டும் கேட்டாள். குடையைக் காட்டினேன்.

“எய்த்து எனக்குத் தெரியாது. ஆனா அவன் உம் பின்னாலதான் குந்திக்கினு கீறான். நாளைக்கு நான் வரேன்” என்றாள்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் என்னைத் தெரியாதவள் போல ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் வழக்கமான ஜன்னல் சீட்டில். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும், பேசி வைத்தபடி கேமைத் திறந்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை “நிமிர்ந்து பார்” என்று சாட்டில் போட்டேன். அதைப் படித்துத் தலையைத் தூக்குகிறவன் யாரென்று அம்மா பின்னாலிருந்து பார்ப்பாள். நான் திரும்பவில்லை. சங்கிலி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு நேர் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

“சார், எம் பொண்ணுகிட்ட இன்னா பேசணும்? நான் கீறேன். எங்கிட்ட பேசு.”

“இன்னாம்மா ஒளர்ற” என்றது ஒரு ஆண் குரல்.

“தோ, உன் போன்ல அந்தக் கொடை கீதே. அது எம் பொண்ணு பேரு.”

அப்போதுதான் திரும்பினேன். அப்பா வயது. இஸ்திரி போட்ட சட்டை, மடியில் டிபன் பை. கூட்டமாக இருந்த ஒரு நாள், தன் சீட்டிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தவர். அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். அந்த கேமை எனக்காகவே போனில் ஏற்றியிருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

கண்டக்டர் என்ன தகராறு என்று கேட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸே எங்களைப் பார்த்தது. போனில் ஆண்களோடு பேசுகிற பெண் என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்களோ என்றுதான் அப்போதும் பயந்தேன். அம்மா இடத்தை விட்டு நகரவில்லை. திருப்புலிவனத்தில் பஸ் நின்றதும் அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலில் இல்லாத நடுக்கம் அவள் முழங்காலில் இருந்தது. காஞ்சிபுரம் வரை அது என் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

வேலைக்குப் போகாததற்குப் பல்வலி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நான் கேமை அழித்தேன். அரை மணி முந்திய பஸ்ஸுக்கு மாறிக்கொண்டேன். அதில் அந்த ஆள் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பொங்கலுக்கு முந்தின வாரம், உத்திரமேரூர் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வளையல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தப்பு செய்தவள் மாதிரி நான்தான் பக்கத்து மெடிக்கலுக்குள் நுழைந்தேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.