பொம்மைக்குக் குளிராது

ஓமானில், சோஹாரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் பயோமெடிக்கல் டெக்னீஷியன்; மருத்துவக் கருவிகளைச் சோதித்துப் பராமரிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. டெமோ

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் நீல வெளிச்சத்தின் கீழ் படுக்கவைப்பார்கள். வெளிச்சம் தோலில் பட்டால்தான் ரத்தத்தில் பிலிரூபின் என்கிற மஞ்சள் நிறமி இறங்கும். ஏறிக்கொண்டே போனால் மூளையைத் தாக்கும், காதைத் தாக்கும்.

எங்கள் வார்டில் இருந்தவை பழைய டியூப்லைட் யூனிட்டுகள். அவற்றையும் புதிய எல்.இ.டி. யூனிட்டையும் ஒப்பிட்டுச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. விற்பனைக்காரர் ஒரு ரப்பர் பொம்மையைத் தொட்டிலில் கிடத்தி விளக்கைப் போட்டார். பொம்மையின் வயிற்றில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை வைத்தேன். பழையதைவிடப் பல மடங்கு ரீடிங்.

"கையை வச்சுப் பாருங்க மேடம், சூடே இருக்காது" என்றார். உண்மைதான். ட்ரையலுக்கு ஒரு யூனிட்டை விட்டுவிட்டுப் போனார்.

2. தொப்பி, சாக்ஸ்

அதில் முதலில் படுத்தது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் குமரேசனின் பெண் குழந்தை. தாயின் ரத்தப் பிரிவோடு தன் ரத்தம் பொருந்தாததால் பிலிரூபின் வேகமாக ஏறும் குழந்தை. மறுநாள் காலை இறங்கியிருக்க வேண்டிய அளவு, ஏறியிருந்தது.

"உன் புது லைட்டு எரியுதா, சும்மா கலர் காட்டுதான்னு டாக்டர் கேக்குறார். போய்ப் பாரும்மா" என்றார் எங்கள் மேனேஜர். சென்னைக்காரர்.

வெளியே கோடை கொதித்தது. வார்டில் ஏசியில் கை விறைத்தது. விளக்கின் கீழ் மீட்டரை நீட்டினேன். டெமோவில் வந்த அதே ரீடிங். பிறகு குழந்தையைப் பார்த்தேன். கண்ணுக்குக் கட்டு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் உறை, காலில் சாக்ஸ், கழுத்திலிருந்து பாதம்வரை துணி. வெளிச்சத்துக்கு மிஞ்சியது இரண்டு கன்னங்கள். மீட்டரைத் துணிக்கு அடியில் செருகினேன். ஏறக்குறைய பூஜ்யம்.

"யாரு இப்படிச் சுத்துனது?"

"நான்தான் மேடம்" என்றாள் தாய் செல்வி. "பிள்ள ஒடம்பு சில்லுனு கெடந்துச்சு. நர்சம்மாகிட்ட கேட்டேன், சுத்திக்கோன்னாங்க."

நர்ஸ் ஜெஸ்ஸி மலையாளி. "பின்னே என்ன செய்ய? பழைய லைட்டுல குழந்தை சூடா கிடக்கும். இதுல விறைக்குது. டெம்பரேச்சர் குறைஞ்சா டாக்டர் என்னையல்லவா திட்டுவார்?"

டியூப்லைட்டின் சூடு இத்தனை வருடம் குழந்தைகளைக் காத்துவந்திருக்கிறது. அது ஒரு வேலை என்று யாரும் நினைக்கவில்லை. புதிய விளக்கு அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போனது; அந்த இடத்தில் துணி வந்துவிட்டது.

துணியை அவிழ்த்தோம். குழந்தைக்கு மேலிருந்து சூடு கொடுக்கும் வார்மரைத் தள்ளிக்கொண்டு வந்தோம். அதற்குள் டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு போன் செய்துகொண்டிருந்தார். டியூட்டி பூட்ஸோடு ஓடிவந்த குமரேசன் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ரத்தத்தையே மாத்தணுங்கிறாங்களே தங்கச்சி, கையளவுப் பிள்ளைக்கா?"

வண்டி கிளம்ப வேண்டியிருந்தது; கதவிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டேன்.

3. ஒரு வரி

எல்.இ.டி.யே நல்லது, ஆனால் எங்கள் வார்டில் வார்மர் இல்லாமல் அதைப் போடக் கூடாது என்று ரிப்போர்ட் எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டு, "துணி சுத்துனது நர்சிங் பிரச்சினை. நீ மெஷினை மட்டும் எழுது. நீ என்ன டாக்டரா?" என்றார்.

"இல்ல சார். ஆனா ரெண்டையும் கம்பேர் பண்ணச் சொன்னது என்னைத்தான். பழசு சூடு குடுத்துச்சு, புதுசு குடுக்கல. அதுவும் கம்பேரிசன்தான்."

"அந்த வரியை எடுத்துடு."

எடுக்கவில்லை. குழந்தைகள் டாக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புதிய யூனிட்டுகள் வந்தபோது வார்மர்களும் வந்தன. அதன் பிறகு மேனேஜர் என்னை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும்.

சில மாதம் கழித்து செல்வி குழந்தையோடு ஓ.பி.க்கு வந்திருந்தாள். கொழுகொழுவென்று இருந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"நல்லாத்தான் சிரிக்கிறா மேடம்" என்று சொல்லிவிட்டு, செல்வி அதன் தலைக்குப் பின்னால் கையை உயர்த்தி வளையல்களைக் குலுக்கினாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

இப்போது எந்தக் கருவி டெமோவுக்கு வந்தாலும், பொம்மையை ஓரமாக வைக்கச் சொல்கிறேன். நீங்களும் மீட்டரை எடுப்பதற்கு முன்னால், ஏசி ஓடும்போது, அந்தத் தொட்டிலில் வெறுங்கையைக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள்.