புளி கரைத்து ஊற்றிய ரேடியேட்டர்

முப்பதுகளின் தொடக்கத்தில், பினாங்கில் நடந்தது இது. மலாயா முழுவதும் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம். ரப்பர் தோட்டங்களில் ஆள் குறைத்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது டத்தோ கிராமாட் சாலையில் ஒரு ஜவுளி வியாபாரி வீட்டில் கார் டிரைவராக இருந்தேன். முதலாளிக்குக் கடை சூலியா தெருவில். வீட்டின் பின்பக்கத்தில் எனக்கும் என் மனைவிக்கும் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அடுத்த அறையில் தோட்டக்காரர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவியும் மூன்று பெண்களும் தீவுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் இருந்தார்கள். வாரம் ஒரு நாள் ஃபெர்ரி ஏறிப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவார்.

கையில் ஒரு வேலை இருப்பதே பெரிய பாக்கியம் என்றிருந்த அந்தக் காலத்தில், அந்த மனிதருடைய வேலைக்கு உலை வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலாளியின் கார் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. ஆனால் அதன் முகப்பில் பெரிய பித்தளை ரேடியேட்டர் உண்டு. எஞ்சின் கொதித்துப் போகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பாகம் அது. வாரம் தவறாமல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி அதைத் துலக்கி வைப்பேன். சூலியா தெருவில் வண்டி நுழைந்தால் கடைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். முதலாளியைத்தான் பார்த்தார்களோ என்னவோ, என்னைப் பார்ப்பதாகவே நினைத்துக்கொள்வேன். அவ்வளவு மிதப்பு எனக்கு.

தோட்டக்காரருக்கும் எனக்கும் ஒரே ஒரு தகராறு. சேறு படிந்த தன் கைவண்டியைக் கொண்டுவந்து கார் கொட்டகையில், என் பளபள முகப்புக்கு எதிரிலேயே நிறுத்துவார். மழையில் நனைந்தால் அடிப்பலகை உளுத்துவிடும் என்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்த வருஷம் வண்டி அடிக்கடி கொதிக்க ஆரம்பித்தது. சில மைல் தள்ளியிருக்கும் ஆயர் ஈத்தாம் வரைக்கும் போனாலே மூடி வழியாக ஆவி அடிக்கும். உள்ளே துருவும் சேறும் அடைத்திருக்கிறது என்று புரிந்தது. கண்ட கண்ட கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் வேறென்ன ஆகும்? என் மனைவி தண்ணீர் காய்ச்சும் கெண்டியில் அழுக்குப் படிந்தால் புளி கரைத்து ஊற வைத்துத்தான் கழுவுவாள். கெண்டிக்குச் செய்வதைக் காருக்கும் செய்தால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை.

முதலாளி மூன்று நாள் ஈப்போவுக்கு ரயிலில் போயிருந்தார். வீட்டுப் பானையிலிருந்து இரண்டு பெரிய உருண்டை புளியை எடுத்துக் கரைத்து, வடிகட்டி, ரேடியேட்டரில் ஊற்றி வைத்தேன். இரண்டு நாள் ஊறியது. இடையில் எஞ்சினை ஓட விட்டுச் சூடும் பண்ணினேன். மூன்றாம் நாள் திறந்து விட்டபோது கறுப்பும் செங்கல் நிறமுமாகக் குழம்பு கொட்டியது. நல்ல தண்ணீர் விட்டு அலசி முடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரில் இருக்கிற டிரைவர்கள் எல்லாம் கற்றுக்கொண்டுவிடுவார்களே!

வண்டி கொதிப்பது நின்றது. மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

எட்டாம் நாள் காலையில் கொட்டகையைத் திறந்தால் காருக்கு அடியில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. ரேடியேட்டரில் பாதிக்கு மேல் காலி. குனிந்து பார்த்தேன். முகப்பின் கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அதற்கு நேரே தோட்டக்காரரின் கைவண்டி. எனக்குத் தலைகால் புரியாத கோபம் வந்தது. நேரே முதலாளியிடம் போய், தோட்டக்காரர் கைவண்டியால் இடித்து ரேடியேட்டரை ஓட்டை போட்டுவிட்டார் என்று சொன்னேன். இடித்ததைக் கண்ணால் பார்த்தவன் மாதிரியே சொன்னேன்.

முதலாளிக்கு அன்று ஏற்கெனவே மனசு சரியில்லை. கடையில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார். தோட்டக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து, “நான் இடிக்கல முதலாளி. என் கைவண்டி அதுமேல பட்டதே இல்ல” என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கீறலைக் காட்டினேன். அவ்வளவுதான், அன்றோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு முதலாளி ரிக்‌ஷா பிடித்துக் கடைக்குப் போய்விட்டார். சாயந்திரத்துக்குள் வண்டி ஓட வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

தோட்டக்காரர் மூட்டை கட்டுவதற்கு முன்னால் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

முன்பு ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் இருந்ததால் ஈயம் பற்றவைக்க எனக்குத் தெரியும். ரேடியேட்டரைக் கழற்றி, கீறலைச் சுரண்டி, கரி அடுப்பில் செம்பு முனைச் சூட்டுக்கோலைக் காய்ச்சி, ஈயம் பிடிக்க நவச்சாரம் தேய்த்து, ஈயத்தை உருக்கி அடைத்தேன். தண்ணீர் வெளியேறும் கீழ்த் துளையில் துணி சுற்றிய கட்டையைச் செருகி, இரண்டு செங்கல் மேல் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். சொட்டு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்தேன். அப்போதும் சொட்டியது. அடுக்கடுக்காக இருக்கும் அந்தத் தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் எங்கே கிளம்புகிறது, எங்கே வழிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. எங்கே தொட்டாலும் ஈரம்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வந்த என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

“எங்கன்னு தெரியலன்னா மஞ்சத் தண்ணி ஊத்துங்க. வெளிய சுண்ணாம்பு தடவுங்க. ஆலாத்தி மாதிரி எங்க செவக்குதோ அங்கதான் ஓட்டை” என்றாள்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பட்டறையில் வேலை பார்த்த எனக்கு அது தோன்றவில்லையே! கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன். ரேடியேட்டரை வடித்துத் துடைத்து, அவளுடைய வெற்றிலைச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, முன்னும் பின்னும் அடியிலும் துணியால் பூசி வெயிலில் காய வைத்தேன். வெள்ளை வெளேரென்று ஆனதும் மஞ்சள் நீரை வடிகட்டி ஊற்றினேன்.

இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கீறல் இருந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. நான் கண்ணை எடுக்காமல் அதையே பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. “இந்தப் பக்கம் வாங்க” என்றாள் என் மனைவி. பின்பக்கம், எஞ்சினைப் பார்த்து இருக்கும் பக்கத்தில், தண்ணீர் தங்கும் அடித்தொட்டியை ஈயத்தால் ஒட்டியிருந்த விளிம்பு நெடுக நாலு இடத்தில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி சிவந்திருந்தது.

அங்கே எந்தக் கைவண்டியும் போய் இடிக்க முடியாது. காரைப் பிரித்தால்தான் அந்த இடத்தைத் தொடவே முடியும். முன்பக்கக் கீறலோ, சாலையில் கல் தெறித்து மேலோடு விழுந்தது; சுரண்டியபோதே அது உள்ளே போகவில்லை என்று நான் பார்த்திருக்க வேண்டும்.

சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுச் சுரண்டிப் பார்த்தேன். பழைய ஈயம் அங்கங்கே அரித்துப் பொத்தலாகிக் கிடந்தது. அந்தப் பொத்தல்களை இத்தனை நாளும் அடைத்துக் காப்பாற்றி வந்தது உள்ளே இருந்த துருவும் சேறும்தான். அதைத்தான் நான் சுத்தமாகக் கரைத்து வெளியே விட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்த அதே நேரத்தில் அவளுக்கும் புரிந்துவிட்டது.

“முதலாளி ஊர்ல இல்லாதப்ப ரெண்டு உருண்டை புளியத் தூக்கிட்டுப் போனீங்களே, இதுக்கா?”

நான் ரேடியேட்டர் மேல் குனிந்துகொண்டேன். கை மட்டும் வேலை செய்தது. நாலு இடத்தையும் பளிச்சென்று சுரண்டி, ஈயம் வைத்து, மறுபடி சுண்ணாம்பு பூசி, மஞ்சள் நீர் ஊற்றினேன். அரை மணி நேரம் பார்த்தும் ஒரு புள்ளி கூடச் சிவக்கவில்லை. ரேடியேட்டரைக் கழுவி, காரில் மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பினேன். மணி ஐந்தை நெருங்கிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது என் மனசில் ஓடிய எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. ஒழுகல் நின்றுவிட்டது, இனி யாரும் கேட்கப் போவதில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உண்மை தெரிந்தால் கப்பலேறப் போவது நானாயிற்றே. என் மனைவிக்கு அப்போது நாலு மாசம்.

அவள் அடுப்புக் கரியை அள்ளிக்கொண்டே, “கார் சரியாயிடுச்சு. அந்த மனுசன்?” என்று கேட்டாள். பிறகு, “இப்பத்தான் என்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினாரு. ஊருக்கு அனுப்புற பட்டியல்ல நாளைக்குக் காலையில போய்ப் பேரு குடுக்கப் போறாராம்” என்றாள்.

ஃபெர்ரி ஏறிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது; பாகான் டாலாமில் அவர் வீடு எது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே? அந்த நேரத்தில்தான் முதலாளியின் ரிக்‌ஷா வாசலில் வந்து நின்றது. அவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி, கைலி கட்டிக்கொண்டு, காரைப் பார்க்க நேரே கொட்டகைக்கு வந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். புளி கரைத்தது முதல் மஞ்சள் நீர் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கடைசியில், “இடிச்சத நான் பாக்கல முதலாளி. பாத்த மாதிரி சொல்லிட்டேன்” என்றேன்.

அவர் குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தார். “என் காருக்குப் புளிக்குழம்பா வச்சே?” என்றார். சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று புரியவில்லை. பிறகு முகம் மாறிவிட்டது. “நானும் விசாரிக்காம ஒரு மனுசன வாசல்ல நிறுத்திட்டேனே. எடு வண்டிய, ஃபெர்ரிக்கு” என்று சொல்லி, கைலியும் பனியனுமாக அப்படியே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அன்று ஓட்டின மாதிரி நான் வாழ்நாளில் ஓட்டியதில்லை. மாட்டு வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் அடைத்துக் கிடந்த சூலியா தெருவில் ஹார்னை அமுக்கிக்கொண்டே போனேன். பனியனோடு போகும் முதலாளியைப் பார்த்துக் கடைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குக் கண் ரேடியேட்டர் மூடியிலேயே இருந்தது. அவசரத்தில் வைத்த ஈயம், நடுத்தெருவில் பிய்த்துக்கொண்டால் எல்லாம் போச்சு. ஆனால் ஆவி வரவில்லை. கடற்கரை வரைக்கும் ஒரு துளி ஆவி வரவில்லை.

துறையில் ஃபெர்ரி நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையின் நடுவில் தோட்டக்காரர் நின்றிருந்தார். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

“அண்ணே, தப்பு என் மேலதான். நான்தான் கெடுத்தேன்” என்றேன். அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தார்.

“ஒழுகறது நின்னுடுச்சா தம்பி?” என்று கேட்டார்.

அதற்குள் முதலாளியே இறங்கி வந்துவிட்டார். “நான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க, வீட்டுக்கு வாங்க லா” என்று பினாங்குக்காரர் பேச்சில் சொல்லி, மூட்டையைத் தன் கையால் வாங்கப் போனார். தோட்டக்காரர் பதறிப்போய் மூட்டையை இழுத்துக்கொண்டார். மூன்று பேரும் காரில் ஏறினோம். முதலாளி பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழி நெடுக, நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கின நிம்மதியில் எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது.

அன்று இரவு நானும் தோட்டக்காரரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி வேண்டுமென்றே புளி இல்லாத குழம்பு வைத்திருந்தாள். காரணம் கேட்ட தோட்டக்காரரிடம் அவள் சொன்னதும், அவர் புரையேறும் வரை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இல்லை. மறுநாள் காலையில் காருக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. கைவண்டி கொட்டகைக்கு வெளியே நின்றது. நானே அதைத் தள்ளிக்கொண்டு வந்து, காருக்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன், எத்தனையோ ஒழுகலை அடைத்துவிட்டேன். இன்றைக்கும் எதிலாவது பழுது கண்டு அடுத்தவர் பக்கம் விரல் நீட்டப் போகும்போது, முதலில் என் கையை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன், புளி வாடை அடிக்கிறதா என்று.