தங்கையின் வயலில் ஒரு வகுப்பு

நான் கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்துகிறேன். மனிதன் இயற்கையிலிருந்து அந்நியமாகிப் போனதைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பேச எனக்குக் குறிப்பே வேண்டாம். மயிலாடுதுறையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். என் தங்கை ஒரத்தநாட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு இறங்கிய அதே வயல். இந்தச் சேற்றை விட்டு ஏறிவிட வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் ஏறினேன். அவள் பத்தாவதோடு நின்றாள்.

போன கார்த்திகையில் என் மாணவர்களை அவள் வயலுக்குக் கூட்டிப்போனேன். அவள் ஒரு நெல்தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறி, உள்ளே வெண்மையாகச் சுருண்டிருந்த இளங்கதிரைக் காட்டினாள். கதிர் உருவானதை வெளியிலிருந்தே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தண்டைத் தொட்டாலே தெரியும் என்றாள். எல்லோரும் சேற்றில் இறங்கித் தொட்டுப் பார்த்தார்கள். நான் வரப்பில் செருப்போடு நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளைப் பற்றியே பேச்சு. ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: “ரெண்டு வாரமா நீங்க நடத்தினது இன்னிக்குத்தான் புரிஞ்சுது மேடம்.”

பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் வகுப்பில், நேற்றுப் பார்த்ததில் மயங்கிவிட வேண்டாம் என்றேன். அந்த நிலத்தில் அவளுக்கு எந்த உரிமையும் இல்லை, உடையவர் நினைத்தால் அடுத்த போகத்துக்கே வெளியேற்றலாம், உரிமையில்லாத நெருக்கம் வெறும் உழைப்புதான் என்றேன். சொன்னதில் பொய்யில்லை. ஆனால் பொறாமையில்தான் சொன்னேன்.

தை மாதம், அறுவடை இயந்திரம் வர மூன்று நாள் இருக்கும்போது மழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். பயிர் மொத்தமும் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அவள் மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். நானும் இறங்கினேன். நாலாவது அடியில் சறுக்கி விழுந்தேன். அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“பொங்கலுக்கு அப்புறம் மழை இருக்காதுன்னு நெனச்சேன்க்கா. முன்னல்லாம் காத்த வச்சே சொல்லிடுவேன். இப்ப எனக்கும் ஒண்ணும் புரியல. வேற யாரோட ஊருக்கோ வந்துட்ட மாதிரி இருக்கு.”

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அவளும் மண்ணுக்கு அந்நியமாகி என் பக்கம் வந்துவிட்டாள் என்ற நிம்மதி. முளைவிடத் தொடங்கியிருந்த கதிர்களுக்கு நடுவே நின்றுகொண்டு அப்படி நினைத்தேன். உடனே வெட்கமாகிவிட்டது. வகுப்பில் அவளைப் பற்றிச் சொன்னதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. “நெலம் எனக்குச் சொந்தமில்லன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அந்த மடையில குப்ப அடைச்சிருக்கு பாரு, எடுத்து விடு.”

எடுத்து விட்டேன். பாதி நெல் தேறியது.

இந்த ஆண்டு விதைப்பைப் பதினைந்து நாள் தள்ளி வைத்திருக்கிறாள். அவளிடம் இருப்பது பட்டன் போன்; தினமும் காலையில் கூப்பிட்டு வானிலை அறிவிப்பை வாசித்துச் சொல்லச் சொன்னாள். வாசிக்கிறேன். முழுதும் கேட்டுவிட்டு, “சரிக்கா, நான் போய்ப் பாத்துக்கறேன்” என்று வைத்துவிடுகிறாள். போய்ப் பார்க்க அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.