டம்ளர் விளிம்பில் மூன்று தட்டு

சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிங், டிங், டிங். பாலைக் கலக்கிவிட்டு டம்ளர் விளிம்பில் கரண்டியை மூன்று முறை தட்டும் சத்தம்.

கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவளுக்கு உச்சந்தலை வரை சுரீரென்றது. அவள் பக்கத்தில் பத்து மாதக் குழந்தை, வீட்டில் எல்லோரும் உருண்டை என்று கூப்பிடுகிறவன், தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தான். தூக்கித் தோளில் போட்டால் அடங்கிவிடுவான். அவள் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டு, அவனை அழவிட்டாள். நெஞ்சு பதறத்தான் செய்தது. ஆனால் இந்த மூன்று தட்டுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவள் அவள்.

அந்தத் தட்டுக்குச் சொந்தக்காரி ஊரறிந்த குழந்தைகள் காப்பகத்தை நடத்துகிறவள். எல்லோருக்கும் பெரியம்மா. பாயில் உட்கார்ந்திருக்கும் இவள் அங்கே ஆயாவாக இருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தனை குழந்தைகளும் விளக்கை அணைத்தாற்போல் தூங்கிப்போகும். பார்க்க வருகிற பெற்றோர், "அடேயப்பா, என்ன அமைதி!" என்று வாயைப் பிளப்பார்கள். பாலில் பெரியம்மா தன் கையால் கலக்கும் சளி மருந்துதான் அந்த அமைதி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் ஒரு பெண் குழந்தை சாயங்காலமாகியும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டது. வாசலில் கூடிய தாய்மார்கள் முன்னால் பெரியம்மா விரலை நீட்டினாள். "இந்த ஆயாதான் குடுத்திருக்கா, பாவி!" அன்றிலிருந்து தெருவில் இவளைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். சொந்தத் தங்கை, தான் பெற்ற பச்சைக் குழந்தையை இவள் மடியில் வைக்கத் தயங்கினாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாடி வீட்டுத் தையல்காரி சொல்லி இந்த வீட்டுக்கு வேலை கேட்டு வந்தபோது சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், அவனைப் பெற்ற பெருமையோடு, அதே பெரியம்மா. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். "எப்பம்மா வரணும்?" என்றுதான் இவள் கேட்டாள்.

இன்று ஒத்திகை நாள். நாளை முதல் பெரியம்மாவின் மருமகள், உருண்டையின் அம்மா, எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குத் திரும்புகிறாள். காலையில் புறப்படும்போதே இவள் நகத்தை ஒட்ட வெட்டி, சங்கிலியில் தொங்கிய ஊக்குகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தாள். வந்ததும் குளியலறை வாளியில் நின்ற தண்ணீரைக் கொட்டினாள். பால்கனிக் கதவின் தாழ் மூத்தவளான நான்கு வயதுப் பெண்ணுக்கு எட்டுகிறதா என்று பார்த்தாள்.

"எட்டாது. நாற்காலி போட்டா எட்டும்," என்றாள் அந்தப் பெண். வாயாடி என்பது அவளுக்குப் பொருத்தமான பட்டப்பெயர்.

"அப்ப நாற்காலிய உள்ள போட்டுடலாம்."

"ஐயோ, நான் ஏன் சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் வாயாடி. மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இவளோட ரகசியத்தை எல்லாம் இவகிட்டயே கேட்டுக்கலாம்."

புது ஆளை எடைபோட மாமியார் கட்டாயம் வருவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். வந்தாள். இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பிள்ளைங்கள எல்லாம் பாத்துப் பழக்கம் உண்டா?" என்றாள்.

அடையாளமே தெரியவில்லை! தன் பெயரைச் சாக்கடையில் போட்டு மிதித்தவளுக்குத் தன் முகம்கூட நினைவில்லை.  இவள் தலையைக் குனிந்து, "உண்டும்மா," என்றாள்.

மருமகள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். உருண்டை சிணுங்க ஆரம்பித்தான். பெரியம்மாவுக்குக் குழந்தை அழுகை காதில் விழக்கூடாது. அது இவளுக்குத் தெரியும். அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிங், டிங், டிங்.

"கண்ணு, மாடிக்கு ஓடு. அக்கா உடனே வரச் சொன்னாங்கன்னு அம்மாகிட்ட சொல்லு," என்று வாயாடியை அனுப்பினாள். குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். விசும்பல் நின்றது. சமையலறைக்குள் போனாள்.

டம்ளருக்குப் பக்கத்தில் பழுப்பு நிற மருந்துக் குப்பி. பெரியம்மா பாலைப் பால்புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது என்னம்மா?"

"சளி மருந்து. ஒண்ணும் ஆகாது. நல்லாத் தூங்குவான்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இவள் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். "உங்க காப்பகத்துல அத்தனை பிள்ளைங்களும் ஒரே நேரத்துல தூங்கும்னு தையக்காரம்மா சொன்னாங்க. எப்படிம்மா முடியுது உங்களால?"

புகழ்ச்சி என்றால் பெரியம்மா உருகிவிடுவாள். "எல்லாம் கைப்பக்குவம்தான்! சின்னதுக்கு அரை மூடி, பெருசுக்கு ஒரு மூடி. இத்தனை வருஷமா இதத்தான குடுக்கறேன். நீயும் கத்துக்கோ. எவளுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சு போச்சே, அத்தை."

சமையலறை வாசற்படியில் காலி வாளியோடு மருமகள் நின்றிருந்தாள், பக்கத்தில் வாயாடி. பெரியம்மா பால்புட்டியை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாருங்க, பெரியம்மா," என்றாள் இவள். "நாந்தான் உங்க ஆயா. வாசல்ல அத்தனை அம்மாமாருங்க முன்னால பாவின்னு விரலை நீட்டுனீங்களே, அந்த ஆயா. என் சொந்தத் தங்கச்சியே அவ பிள்ளைய என் மடியில வைக்கத் தயங்குனா."

பெரியம்மாவின் முகம் வெளிறியது. சட்டென்று மருமகளிடம் பாய்ந்தாள். "இவளையா நம்பறே? பேரன் அந்தக் கத்து கத்தறான், கல்லு மாதிரி உக்காந்திருந்தா! கேளு!"

மருமகளின் பார்வை இவள் பக்கம் திரும்பியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"உண்மைதாம்மா. வேணும்னுதான் தூக்கல. அவன் அழுதா இவங்க பாலைக் கலக்கப் போவாங்கன்னு தெரியும். அவன் வாய்கிட்ட அதைப் போக விட்டிருக்க மாட்டேன். ஆனா அழவிட்டது நாந்தான். வேலை இல்லைன்னு சொன்னாலும் சரி, போயிடறேன்."

 மருமகள் பால்புட்டியைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். பால் முழுவதும் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இவள் தோளில் தூங்கிப்போன மகனைத் தொட்டாள். வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று இவள் தோளைச் சாய்த்துக் கொடுத்தாள். மருமகள் அவன் தலையை மறுபடியும் அதே தோளில் சரியாகச் சாய்த்து வைத்தாள்.

"இனிமே அழவிடாதீங்க, அக்கா. அன்னைக்கு வாசல்ல நின்ன ஒவ்வொரு அம்மாகிட்டயும் நானே போய்ச் சொல்றேன். உங்க தங்கச்சிகிட்டயும் சொல்றேன்." திரும்பினாள். "கிளம்புங்க, அத்தை."

"என் மகன் வரட்டும்…"

"வரட்டும். அவர்கிட்டயும் சொல்லத்தான் போறேன்."

பெரியம்மா கைப்பையை அள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பின்னாலேயே வாயாடி மருந்துக் குப்பியோடு ஓடினாள்.

"பாட்டி, பாட்டி! உங்க மருந்த மறந்துட்டீங்க!"

பெரியம்மா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். இவள் வாயாடியின் கையிலிருந்து குப்பியை மெதுவாக வாங்கினாள். "வேண்டாம் கண்ணு. இது நம்மகிட்டயே இருக்கட்டும். நாலு பேர் பாக்கணும்."

பிறகு, தோளில் தூங்குகிறவன் விழித்துக்கொள்ளாதபடி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ் போட்டாள்.