ஐந்து மூட்டை ரொட்டி

முகத்தஸ் எங்கள் பள்ளியில் ஒன்பது வருஷமாகப் புவியியல் நடத்துகிறாள். ஆறாம் வகுப்புக்குத் தாஷ்கண்ட் தொலைக்காட்சிக் கோபுரத்தின் படத்தைக் காட்டி, உச்சியில் நின்றால் ஒரு பக்கம் நகரமும் மறுபக்கம் பனிமலையும் தெரியும் என்று வருஷந்தோறும் சொல்வாள். வருஷந்தோறும் ஏதாவது ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க ஏறியிருக்கீங்களா?" என்று கேட்கும். ஏறியதில்லை. எங்கள் ஊர் ஆந்திஜானிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரம்தான். ஆனால் ஒரு மருமகள் தனியாக ரயிலேறுவதற்குக் காரணம் வேண்டும். கோபுரம் ஒரு காரணமல்ல.

இந்த வசந்தத்தில் அவள் கணவன் தோல்கினுக்குச் சனி ஞாயிறு சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைத்தது. தாய் ஓய்சாராவையும் முகத்தஸையும் மகள் நிகோராவையும் அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலையே தலைநகரம் பார்க்கக் கிளம்பினான். முகத்தஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை கோபுரம்தான் என்று அவனும் வாக்குக் கொடுத்தான்.

சனிக்கிழமை முழுக்கச் சொந்தக்காரர்களுக்குப் போனது. நகரத்துக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனால் அது தலைமுறைக்கும் பகை. நான்கு வீடுகள், நான்கு விருந்துகள். ஒரு வீட்டுக்கு மருமகளானவள் சொந்தத்தில் எல்லா வீட்டுக்கும் மருமகள். தேநீரைக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றினால் விருந்தாளியைக் கிளம்பச் சொன்னதாக அர்த்தம். அதனால் பாதிப் பாதியாக ஊற்றி, ஊற்றியதும் மறுபடி எழுந்து, புலாவ் சட்டியின் கொழுப்பை வெந்நீரில் சுரண்டி, அடுத்த வீட்டுக்கு நெரிசலான மெட்ரோவில் நின்றபடியே போனாள். நகரம் பார்க்க வந்தவள் நான்கு சமையலறைக் குழாய்களைப் பார்த்தாள். ராத்திரி செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த தடம் காலில் அப்படியே நின்றது.

வெறுங்கையோடு போகக் கூடாது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. கொண்டுபோன நான்கு மூட்டை ரொட்டிக்கு ஐந்து மூட்டை ரொட்டி திரும்பி வந்தது.

ஞாயிறன்று காலை உணவு மத்தியானச் சாப்பாடு வரை நீண்டது. கோபுரத்தடிக்கு வந்து சேர இரண்டு மணி. ஐந்துக்கு ரயில். அனுமதிச்சீட்டு வாங்கி வாசலுக்குப் போனால், மூட்டைகளை உள்ளே விட முடியாது என்று காவலாளி சொல்லிவிட்டான்.

ஓய்சாரா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, தான் இருப்பதாகவும் மற்றவர்கள் போகட்டும் என்றும் சொன்னாள். தோல்கின் ஒப்பவில்லை. "அம்மாவை வெளியில நிறுத்திட்டுப் பொண்டாட்டியோட மேல போனான்னு ஊர்ல சிரிப்பாங்க."

எல்லாரும் முகத்தஸைப் பார்த்தார்கள். மருமகள்களான எங்களுக்கு இதற்கெல்லாம் உத்தரவு தேவைப்படுவதில்லை.

"சட்டுனு வந்துடறோம்" என்றான் தோல்கின். "வந்ததும் நீ போ."

ஞாயிற்றுக் கூட்டம், பெஞ்சுகளில் இடமில்லை. ரொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. மனுஷியை வைக்கலாம். இந்த விதியைச் செய்தவன் ஒரு நாளாவது மாவு பிசைந்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். தோளில் இரண்டு, கைக்கு ஒன்று, மார்போடு ஒன்று என்று அவள் நின்றாள்.

மூன்றேகால் ஆயிற்று. அவர்கள் வரவில்லை. ஏற, இறங்க, ரயிலடிக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டாள். இப்போது போகாவிட்டால் இல்லை. தோள் துண்டை நடைபாதை ஓரத்தில் விரித்து, ஐந்து மூட்டைகளையும் அதன்மேல் இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் வாசலுக்கு நடந்தாள்.

காவலாளி சீட்டைப் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட்?" என்றான்.

எங்கள் நாட்டுக்குள்ளேயும் அதுதான் அடையாள அட்டை. பெரியவர்கள் மூவருடைய பாஸ்போர்ட்டும் ரப்பர் வளையம் போட்டுத் தோல்கினின் சட்டைப்பைக்குள் இருந்தது. அதாவது கோபுரத்தின் உச்சியில்.

"வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. மேல போயிருக்கார்."

"அப்ப அவர் இறங்கி வரட்டும்மா" என்றான். அவன் கெட்டவனில்லை.

திரும்பி வந்தபோது வழியில் போன ஒரு பெண் மூட்டைகளைத் தூக்கி மதில்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த மூட்டையிலிருந்து எட்டிப் பார்த்த ரொட்டியை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றினாள்.

"எந்த ஊரும்மா நீ? உங்க வீட்ல ரொட்டியக் கால் படற எடத்துலதான் வெப்பாங்களா?"

பழக்கத்தில், மன்னித்துவிடுங்கள் என்று வந்துவிட்டது. மூட்டைகளை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு அவர்கள் இறங்கினார்கள். மேலே லிஃப்டுக்கு வரிசையாம். இனி ஏற நேரமில்லை.

"அம்மா, மலையே தெரியல. ஒரே தூசி" என்றாள் நிகோரா.

"கால்வலிதான் மிச்சம். நீ வராததே மேல்" என்றாள் ஓய்சாரா. ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பதைக்கூட ஒருத்தி தானே ஏறி, தன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரயிலில் மடியில் இரண்டு மூட்டைகளோடு உட்கார்ந்தாள். கணவாய்ச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் தோல்கின் பக்கம் திரும்பினாள்.

"நிகோரா அப்பா, என் பாஸ்போர்ட்டக் குடுங்க."

"இப்ப எதுக்கு? எங்க போகப் போற?"

"எங்கயும் போகல. என் படம் ஒட்டினது. என்கிட்ட இருக்கட்டும்."

ஓய்சாரா கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். தோல்கின் கொட்டாவி விட்டபடி ரப்பர் வளையத்தைக் கழற்றி, மூன்றில் அவளுடையதைத் தேடி எடுத்து நீட்டினான். வாங்கிக் கைப்பைக்குள் போட்டு, பை வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஆந்திஜான் வரும்வரை தூங்கினாள்.