நகரி வழியாக வந்த பஸ்

நகரி பக்கம் ஓடிய கம்பெனி பஸ் நின்றதற்குக் காரணம் நான்தான்.

வரிசையாகச் சொல்கிறேன்.

1. மாவட்டத்தைப் பிரித்தார்கள். நகரியை ஒட்டிய எங்கள் ஊர் சித்தூரில் நின்றது. நான் வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி இருக்கும் ஸ்ரீ சிட்டி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது.

2. நான் சூப்பர்வைசர் ஆனேன். தம்பிக்குத் திருப்பதியில் கல்லூரி. வேலை, படிப்பு எல்லாம் அந்த மாவட்டத்தில் என்றானதால், குடும்பத்தோடு திருப்பதியை ஒட்டிய திருச்சானூருக்குக் குடிவந்தோம்.

3. அங்கிருந்து கம்பெனி பஸ் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய் அலுத்தேன்.

4. பஸ் பொறுப்பாளர் கேட்டார்: “இருக்கிறது ஒரே வண்டிம்மா. திருச்சானூருக்கு மாத்திட்டா, உங்க பழைய ஊர் லேடீஸ் கவர்மெண்ட் பஸ்ல வந்துடுவாங்களா?”

5. “வந்துடுவாங்க சார்” என்றேன்.

வர முடியாது. எனக்குத் தெரியும்! முதல் அரசுப் பேருந்து எங்கள் ஊருக்கு வருவதற்குள் கம்பெனியில் ஷிப்ட் தொடங்கிவிடும். அதே நிறுத்தத்தில் நின்று பழகியவள்தானே நான்...

பஸ் திருச்சானூரில் எங்கள் தெருமுனைக்கு வந்தது. நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “கலெக்டருக்குக் கூட வூட்டாண்ட வண்டி வராதுடி!” என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஊரில் ஆறு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டார்கள். அவர்களில் ஒருத்தி எதிர்வீட்டுத் தேவகி. சால்டரிங் இரும்பைப் பிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. புருஷனின் தறிக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. தேவகி போனில் கெஞ்சினாள்:

“யக்கா, நீ சொன்னா கேப்பாங்க. பஸ்ஸ திரும்ப வுடச் சொல்லுக்கா. எம்மா நாளு வூட்லயே குந்திக்கினு இருப்பேன்?”

“கேட்கிறேன்” என்றேன். கேட்கவில்லை. கேட்டால் என் பஸ் போய்விடும். நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா? தெரியவில்லை... எனக்காக நல்ல பதில் எதையும் தேட வேண்டாம்.

கடைசியில் தேவகியும் புருஷனும் ஊரைக் காலி செய்தார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான்! அதற்கு நன்றி சொல்ல மல்லிகைப்பூவோடு வந்தாள். டீயை ஊதிக் குடித்தபடி சொன்னாள்:

“அந்த பஸ்ஸ நிறுத்தனவன் இருக்கானே, அவன் வெளங்கவே மாட்டான்க்கா. வெயில்ல நடந்தே சாவணும்!”

“இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடவா?” என்று கேட்டேன்.

எனக்கு எரிச்சல் யார்மேல்? கேள்வி கேட்ட பஸ் பொறுப்பாளர்மேலா? ஒரே வண்டி வைத்திருந்த கம்பெனிமேலா? மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். கோபம் சுற்றிவிட்டு என்னிடமே வந்து நிற்கிறது.

இப்போது பஸ் அவள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் வேலையை விட்டவர்களைத் திரும்ப எடுப்பதில்லை என்பது கம்பெனி விதி. அவள் இடத்தில் வேறொரு பெண் இருக்கிறாள். தேவகி ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள், சம்பளம் பாதி. காலையில் நான் பஸ் ஏறும்போது அவள் லாட்ஜுக்கு நடந்து போவாள், கை காட்டுவாள். நானும் காட்டுவேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.